விழுந்த பழமும் உதிர்ந்த மாவும்

செப்டம்பர் மாதம் பிறந்து, காலை வேளைகளில் மெல்லிய பனி படரத் தொடங்கியதும், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நாட்டிங்ஹாம்ஷயர் கிராமங்களில் நடந்து செல்பவர் கண்ணில் தவறாமல் படும் காட்சி ஒன்று உண்டு. வீட்டு வாசற்கதவின் ஓரத்தில் ஒரு மரப்பெட்டியோ பழைய வாளியோ வைக்கப்பட்டிருக்கும். அதில் பச்சையும் சிவப்பும் கலந்த, ஒழுங்கான வடிவம் இல்லாத, ஒரு பக்கம் அடிபட்டுக் கன்றிய பெரிய ஆப்பிள்கள் கிடக்கும். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அட்டைத் துண்டில் கையால் எழுதிச் செருகியிருப்பார்கள். தோட்டத்து மரம் ஒரு குடும்பத்தின் தேவைக்குப் பல மடங்கு அதிகமாகக் காய்த்துவிட, காற்றில் உதிர்ந்தவற்றைப் பொறுக்கிய வீட்டுக்காரர், அவை புல்லிலே கிடந்து அழுகுவதைப் பார்க்க மனம் பொறுக்காமல், போகிறவர் வருகிறவருக்கு என்று வாசலில் வைத்துவிடுகிறார். அந்தப் பகுதியில் சில வருஷங்கள் வசித்தபோது, அப்படி ஒரு பெட்டியிலிருந்து ஆறு பழங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய ஒரு மாலையில்தான், கிரம்பிள் என்ற பட்சணத்தை முதன்முதலாக என் கையால் செய்தேன். அன்று தொடங்கிய பிரீதி இன்றுவரை குறையவில்லை. அந்தப் பிரீதியின் காரணமாகவே, அந்தப் பட்சணத்துக்கு இப்போது நேர்ந்துவரும் ஒரு குறையைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றுகிறது.

கிரம்பிளை அறியாதவர்களுக்காக அதன் ரூபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆழமான பீங்கான் பாத்திரத்தில் நறுக்கிய பழத்தைச் சிறிது சர்க்கரையோடு பரப்பி, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்ஸும் சேர்த்து விரலால் பிசிறிய உதிரியை அதன்மேல் தூவி, ஓவனில் வைத்து வேகவிட்டால், மேலே பொன்னிறமாக மொறுமொறுத்தும் கீழே பழம் குழைந்து ஓரங்களில் சாறு கொப்பளித்தும் வெளிவருவது எதுவோ, அதுவே கிரம்பிள். இதில் முட்டை சேராது, ஈஸ்ட் வேண்டாம், மாவைப் பிசைந்து ஊறவைக்கும் வேலை இல்லை, வார்த்தெடுக்க அச்சு இல்லை. கேக் செய்பவர் அளவு தவறினால் கேக் அமுங்கிப்போகும்; இதிலோ மாவு ஒரு பிடி கூடினாலும் பழம் ஒரு கை குறைந்தாலும் பெரிய நஷ்டம் ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. இத்தனை எளிமையாக இருப்பதனாலேயே அதற்குப் பண்டிகை மேஜையில் ஸ்தானம் கிடைக்காமல் போயிற்று என்பதும், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின் முடிவில் மட்டும் ஒரு நிரந்தர ஸ்தானம் கிடைத்தது என்பதும் அந்த நாட்டு வீடுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் காலத்தில்தான் இந்தப் பட்சணம் பிரிட்டனில் வீடுதோறும் பரவிற்று என்பது அங்குள்ள சமையல் எழுத்தாளர்களின் பொதுவான அபிப்பிராயம். அந்தக் காலத்தின் நிலைமையை நினைத்துப் பார்த்தால் அதில் வியப்படைய ஒன்றும் இல்லை. 1940ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி பன்றி இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அங்கே ரேஷன் வந்தது. கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருக்க, உணவுப் பொருளில் பெரும்பகுதியைக் கப்பல் வழியே தருவித்துப் பழகிய அந்தத் தீவின் மக்கள், யுத்த வருஷங்களில் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் வெண்ணெயும் 8 அவுன்ஸ் சர்க்கரையும் ஒரு முட்டையும் என்று, அவ்வப்போது ஏறியும் இறங்கியும் வந்த ஒரு கணக்குக்குள் குடும்பத்தை நடத்த வேண்டியதாயிற்று. இரண்டு அவுன்ஸ் என்பது சுமார் 57 கிராம். இன்று நான் ஆறு பேருக்குக் கிரம்பிள் செய்ய எடுக்கும் வெண்ணெய் 100 கிராம். அதாவது அந்த நாளில் ஏறக்குறைய இரண்டு பேருடைய ஒரு வாரத்துப் பங்கு. ஆகையால் அப்போதைய இல்லத்தரசிகள் வெண்ணெய்க்குப் பதில் மார்கரினைச் சேர்த்தார்கள், அதையும் குறைத்துக்கொண்டார்கள், சர்க்கரையைப் பழத்தின் இயற்கையான இனிப்புக்கு விட்டுக்கொடுத்தார்கள். பை என்ற பலகாரத்துக்கு அடியிலும் மேலிலும் இரண்டு மாவுத் தகடுகள் வேண்டும்; கிரம்பிளுக்கோ மேலே தூவ ஒரு அடுக்கு போதும். அந்த ஓர் அடுக்கிலும், கடல் கடந்து வரவேண்டிய கோதுமையின் பங்கைக் குறைத்து, உள்நாட்டு வயலிலேயே விளைந்த ஓட்ஸைக் கலந்துகொள்ள முடிந்தது. உணவு மந்திரியாக 1940 முதல் 1943 வரை இருந்த லார்ட் வூல்டனின் இலாகா, வானொலியிலும் துண்டுப் பிரசுரங்களிலும் ஓட்ஸையும் உருளைக்கிழங்கையும் காரட்டையும் சலியாமல் சிபாரிசு செய்துவந்தது. அவர் பெயரால் வழங்கிய காய்கறிப் பையில்கூட ஒரு கரண்டி ஓட்ஸ் மாவு உண்டு.

ரேஷன் முறை முழுவதும் ஒழிந்தது 1954ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி. பதினான்கு வருஷத்துப் பற்றாக்குறை தீர்ந்தபோது, அந்தக் காலத்துச் சமையலில் எத்தனையோ வகைகளை ஜனங்கள் மகிழ்ச்சியோடு மறந்தார்கள். சாம்பல் நிறத்து யுத்தகால ரொட்டியையும், முட்டைப் பொடியையும் மறுபடி வேண்டும் என்று கேட்டவர் மிகச் சிலரே. ஆனால் கிரம்பிளை ஒருவரும் கைவிடவில்லை. வறுமைக்காகக் கைக்கொண்ட ஒன்றை வசதி வந்த பிறகும் ஒரு தேசம் விரும்பிச் சாப்பிடுகிறது என்றால், அந்தப் பண்டத்தில் சிக்கனத்தைத் தவிர வேறொரு குணமும் இருக்க வேண்டும் அல்லவா? அந்தக் குணம் இன்னது என்று சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன்.

அதற்கு முன், வாசல் பெட்டியில் கிடந்த ஆப்பிளைப் பற்றி ஒரு வார்த்தை. அது பிராம்லி என்ற சாதி. கையில் எடுத்துக் கடித்தால் பல் கூசும் அளவுக்குப் புளிக்கும். சமையலுக்கு மட்டுமே உரியது. அதே நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள சௌத்வெல் என்ற சிற்றூரில், 1809ஆம் ஆண்டு மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து முளைத்தது அதன் முதல் மரம். பின்னாளில் அந்த மரம் நின்ற வீட்டை வாங்கிய மாத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரர், 1856இல் ஹென்றி மெர்ரிவெதர் என்ற இளம் நாற்றுப்பண்ணைக்காரர் ஒட்டுக் கிளை கேட்டபோது, பழத்துக்குத் தம் பெயரையே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் சம்மதித்தார். விதை போட்ட சிறுமியின் பெயர் பழத்தில் ஒட்டவில்லை; அது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை. உலகில் இன்று உள்ள பிராம்லி மரங்கள் யாவும் அந்த ஒரே மரத்தின் ஒட்டு வம்சம். தாய்மரமோ 1900ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தும் மாண்டுவிடவில்லை. சாய்ந்த இடத்திலிருந்தே புதிதாகத் துளிர்த்து எழுந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் காய்த்தது. அண்மைக் காலத்தில் வேரைப் பற்றிய பூஞ்சை நோயால்தான் நலிந்துபோயிற்று.

இந்தப் பழத்தின் புளிப்பே கிரம்பிளுக்கு உயிர் என்று சொல்ல வேண்டும். இனிப்பு ஆப்பிளைச் சுட்டால் துண்டு துண்டாகவே நிற்கும். பிராம்லியோ சூடு பட்டதும் தன் உருவத்தை விட்டு, நுரைபோலப் பொங்கி, வெண்மையாகக் குழைந்துவிடும். மேலே வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த கனமான உதிரி இருக்கையில், கீழே அதை எதிர்த்து நிற்க இத்தகைய கூர்மையான புளிப்பு வேண்டும். இல்லாவிட்டால் இனிப்பின்மேல் இனிப்பாகி, நாலாவது வாயிலேயே திகட்டிவிடும். அடிபட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டால் மீதிப் பழத்துக்கு ஒரு பழுதும் இல்லை. எப்படியும் குழைந்து உருவம் இழக்கப்போகிற பழத்துக்கு அழகான தோல் எதற்கு? கடையில் மெழுகு பூசி அடுக்கிய பழங்களுள் ஒன்றைக் கன்றியிருக்கிறது என்று ஒதுக்கும் அதே கை, கிரம்பிள் செய்யத் தெரிந்த வீட்டில் அதை எடுத்து வைத்துக்கொள்ளும். வேலியோரத்து முட்புதரில் பறித்த ஒரு பிடி பிளாக்பெர்ரியையும் உடன் சேர்த்தால், நுரைத்த வெண்மையின் ஊடே ஊதா நிறம் கோடு கோடாக ஓடும். இலையுதிர்காலத்தில் அதற்கு நிகரான ருசி வேறு இல்லை என்பது என் தீர்ப்பு.

இனி உதிரி. ஆறு பேருக்கு ஒரு கிலோ பழம் என்றால், மைதா 150 கிராம், ஓட்ஸ் 75 கிராம், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 80 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய் குளிர்ந்து கட்டியாக இருக்க வேண்டும். அதைச் சிறு சதுரங்களாக வெட்டி மாவில் போட்டு, விரல் நுனிகளால் மாத்திரம் தொட வேண்டும். உள்ளங்கை பட்டால் அதன் சூட்டில் வெண்ணெய் உருகி, மாவு எண்ணெய்ப் பசையாகத் திரண்டுவிடும். ஒவ்வொரு துண்டாக எடுத்து, கட்டைவிரலை மற்ற விரல் நுனிகளின்மேல் தள்ளித் தேய்த்து, தேய்த்ததைப் பாத்திரத்துக்குச் சற்று மேலே தூக்கி உதிர்த்துவிட வேண்டும். விழுகிற மாவு காற்றுப் பட்டு ஆறிக்கொண்டே விழும். நாலைந்து நிமிஷம் இப்படிச் செய்துவிட்டுப் பாத்திரத்தை இரண்டு முறை குலுக்கினால், நசுங்காத பெரிய வெண்ணெய்த் துண்டுகள் தாமாகவே மேலே வந்து முகம் காட்டும்; அவற்றை மறுபடி எடுத்துத் தேய்க்கலாம். எதுவரை என்று கேட்டால், நம் வீடுகளில் புட்டுக்கு மாவு பிசிறியவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அங்கே நீர் செய்கிற வேலையை இங்கே வெண்ணெய் செய்கிறது. பதம் அறிகிற விரல் ஒன்றுதான். வெண்ணெய் மாவுத் துகளை மெழுகிவிடுவதால், பழத்தின் ஈரம் பட்டாலும் மாவு ரொட்டிபோல இழுபட்டு இறுகாது, பொரபொரப்பாகவே வேகும். இந்தப் பதம் வந்த பிறகே சர்க்கரையையும் ஓட்ஸையும் சேர்த்துக் கையால் ஒரு முறை புரட்ட வேண்டும். அதன்பின் குளிர்பதனப் பெட்டியில் பத்து நிமிஷம் வைத்தால் இன்னும் நல்லது.

மேலே தூவுவதற்கு டெமரெரா என்னும் பொன்னிறப் பருமணிச் சர்க்கரையை ஒரு கரண்டி ஒதுக்கி வைப்பது அந்நாட்டு வழக்கம்; வெந்த பிறகும் அது கரையாமல் பல்லில் மணிமணியாக நொறுங்கும். அந்தப் பெயர் தென் அமெரிக்காவில், கயானா நாட்டில் ஓடும் ஒரு நதியின் பெயர். அதன் கரையில் இருந்த கரும்புத் தோட்டங்களில் முதலில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் உழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட தமிழரும் அவர்களுள் உண்டு. அந்தச் சர்க்கரையைக் கரண்டியில் அள்ளும்போதெல்லாம் எனக்கு அவர்களுடைய நினைவு வருகிறது. பட்சணத்தைப் பற்றிய கட்டுரையில் இதற்கு இடம் உண்டா என்று கேட்பவர் இருக்கலாம்; உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஓட்ஸைப் பற்றியும் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம்மிடையே அது பெரும்பாலும் ஆகாரமாக வராமல், வைத்தியரின் சீட்டோடு வந்தது. சர்க்கரை நோய்க்கும் கொழுப்புக்கும் நல்லது என்று கேள்விப்பட்டு, காலையில் கஞ்சியாகக் காய்ச்சி, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பதோடு நம்மில் பலருக்கு அதனோடு உள்ள பழக்கம் முடிந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் குளிர்ந்த ஈரமான சீதோஷ்ணத்தில், கோதுமை செழிக்காத மண்ணில், நூற்றாண்டுகளாக ஒரு ஜன சமூகத்துக்கே சோறு போட்ட தானியம் அது. கோதுமையைவிட அதில் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பைச் சிக்கு வாடை அடிக்கச் செய்யும் ஒரு நொதியும் அதனுள்ளேயே இருப்பதால், உமி நீக்கியதும் ஆவியில் வேகவைத்து அதை அடக்கிவிட்டு, பிறகே உருளைகளுக்கு இடையே நசுக்கித் தட்டையாக்குகிறார்கள். நம் அவல் தயாராகும் விதத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைச் சமையல் தெரிந்தவர் உடனே கண்டுகொள்வார்கள். அந்தத் தட்டையான இதழ்கள்தாம் கிரம்பிளின் மேற்பகுதிக்கு ஒரு எலும்பைத் தருகின்றன. மைதா மட்டும் போட்ட உதிரி மணல்போல நைந்து, சாறு மேலெழும்போது களியாகிவிடக்கூடும். ஓட்ஸ் கலந்ததோ சாற்றைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு, மெல்லுவதற்கு இடம் கொடுத்து, தீயில் பட்ட முனைகளில் வறுத்த கொட்டையின் மணத்தோடு நிற்கும். இதற்குப் பருமனான இதழாக வாங்க வேண்டும். வெந்நீர் ஊற்றினால் இரண்டு நிமிஷத்தில் கூழாகிவிடும் மெல்லிய ரகமும், மசாலா கலந்து பொட்டலத்தில் வருவதும் இதற்கு உதவா. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: ஓட்ஸ் சேர்ந்திருக்கிறது என்பதற்காகக் கிரம்பிளைப் பத்திய உணவாகக் கொள்வது தவறு. அதில் வெண்ணெயும் சர்க்கரையும் நிறைய உண்டு. அது இனிப்பு, இனிப்பாகவே, எப்போதாவது ஒரு நாள், மனம் நிறையச் சாப்பிட வேண்டியது.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் லண்டனில், பெயரைச் சொல்ல வேண்டாத ஒரு போஜனசாலையில், பட்டியலில் ஆப்பிள் கிரம்பிள் என்று கண்டு ஆவலோடு தருவித்தேன். வெள்ளைத் தட்டின் நடுவே, தனியே வேகவைத்த ஆப்பிள் சதுரங்கள் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல், வேறொரு தட்டில் வேறொரு சமயத்தில் சுட்டு டப்பாவில் போட்டு வைத்திருந்த உதிரி, இரண்டு கரண்டி அளவு தூவப்பட்டிருந்தது. பக்கத்தில் ஓர் ஐஸ்க்ரீம் உருண்டை. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. பழமும் நல்ல பழம், உதிரியும் நன்றாகவே மொறுமொறுத்தது. ஆயினும் ஒன்றுக்கு மற்றொன்று அந்நியமாக, ஒரே தட்டில் உட்கார்ந்திருந்தும் அறிமுகம் ஆகாத இரண்டு பேரைப்போல அவை இருந்தன. அன்றுமுதல் கவனித்து வருகிறேன். நாகரிகமான உணவுச்சாலைகள் பலவற்றில் இப்போது இதுவே வழக்கமாகிவிட்டது. காரணம் தெளிவு: பழத்தை ஒரு பக்கமும் உதிரியை ஒரு பக்கமும் தயாராக வைத்திருந்தால், வாடிக்கைக்காரர் கேட்ட மூன்றாவது நிமிஷத்தில் தட்டை அனுப்பிவிடலாம், ஒன்றாகச் சுடுவதென்றால் நாற்பது நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த நாற்பது நிமிஷத்தில்தான் கிரம்பிள் பிறக்கிறது. 180 டிகிரிச் சூட்டில் முதல் கால் மணிக்குப் பழம் தன் நீரை விடத் தொடங்குகிறது. மேலே வெண்ணெய் உருகி மாவுக்குள் சுவறுகிறது. பிறகு பாத்திரத்தின் ஓரத்தில், உதிரிக்கும் பீங்கானுக்கும் இடையே உள்ள சிறு சந்துகளில், சாறு முதலில் ஒரு குமிழியாகவும் பின் பல குமிழிகளாகவும் எழுந்து, சர்க்கரையோடு சேர்ந்து பாகாகிப் பழுப்பு நிறம் கொள்கிறது. நடுவில் அது வெளியே தெரிவதில்லை. எனினும் அங்கேயும் சாற்றின் ஆவி கீழிருந்து உதிரிக்குள் ஏறிக்கொண்டே இருக்கிறது. முடிவில் கரண்டியை ஆழமாக இறக்கி எடுத்துப் பார்த்தால், மேலே மொறுமொறுப்பாக ஒரு படலமும், அடியில் குழைந்த பழமும் மட்டும் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே விரற்கடை அளவுக்கு மூன்றாவதாக ஒன்று இருக்கும். அது மாவும் அல்லாமல் பழமும் அல்லாமல், பழத்தின் புளிப்பைக் குடித்த மாவாகவும் வெண்ணெயைக் குடித்த பழமாகவும், மென்மையாக, சற்றே பிசுபிசுப்பாக, கேக்குக்கும் களிக்கும் இடைப்பட்ட ஒரு பதத்தில் இருக்கும். அதைக் கடையில் பாக்கெட்டாக வாங்க முடியாது. தனியாகச் சுட்டுத் தூவியும் உண்டாக்க முடியாது. வீட்டில் குழந்தைகள் பாத்திரத்தைச் சுரண்டிச் சண்டை போடுவது அந்த இடைத்தட்டுக்காகவும், ஓரத்தில் ஒட்டிக் கரிந்த பாகுக்காகவுமே. யுத்தம் முடிந்து, வெண்ணெய் தாராளமாகக் கிடைத்த பிறகும் இந்தப் பட்சணத்தை அந்த ஜனங்கள் விடாமல் பற்றிக்கொண்டதன் காரணமும் இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிக்கனத்துக்காகச் சேர்த்து வைத்த இரண்டு எளிய பொருள்கள், ஒரே பாத்திரத்தில் நிதானமாக வெந்ததனால், தனித்தனியே அவற்றிடம் இல்லாத ஒரு ருசியைப் பெற்றன.

ஆகையால் கிரம்பிளின் பெயரால் பழத்தையும் உதிரியையும் பிரித்துப் பரிமாறுவது அந்தப் பட்சணத்துக்குச் செய்யும் தீங்கு. அப்படித் தருகிறவர்கள் அதற்கு வேறு ஒரு பெயர் வைத்துக்கொள்ளட்டும். அதுபோலவே, பேரங்காடிகளில் உதிரியை மட்டும் ஆயத்தமாகப் பொட்டலத்தில் விற்கிறார்களே, அதையும் நான் அங்கீகரிக்கமாட்டேன். விரலால் பிசிறப் பத்து நிமிஷம் போதுமான ஒரு காரியத்துக்காக, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கத்தக்க கொழுப்பைச் சேர்த்துப் பொடியாக்கிய ஒன்றை வாங்கிப் போட்டால், மிச்சமாகும் நேரத்தைவிட இழக்கிற ருசி அதிகம். எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று வாதிப்பவன் அல்ல நான். ரொட்டியையும் பிஸ்கோத்தையும் கடையில் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவற்றைக் கடைக்காரர் நம்மைவிடத் திறமையாகச் செய்கிறார். கிரம்பிளோ திறமையே கேட்காத பண்டம். அது கேட்பது ஓவனில் நாற்பது நிமிஷ இடமும், பழத்தை வீணாக்கக் கூடாது என்ற எண்ணமும்தான். இவ்விரண்டையும் வீடு கொடுக்க முடியும். கடை கொடுக்க முடியாது.

பழமே அல்லாத ஒன்றைக்கூட இந்தப் பாத்திரம் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு ரூபார்ப் சாட்சி. சேப்பங்கீரைத் தண்டைப்போல நீண்டு, சிவந்து, வாயில் வைத்தால் கடும் புளிப்பாக இருக்கும் தண்டு அது. இலை நஞ்சு, தண்டு மட்டுமே உணவு. யார்க்ஷயரில் வேக்ஃபீல்டைச் சுற்றிய முக்கோணப் பகுதியில், இரண்டு வருஷம் வயலில் வளர்ந்து பனியில் உறைந்த வேர்களைப் பெயர்த்து, வெளிச்சமே புகாத நீண்ட கொட்டகைகளுக்குள் நட்டு, கதகதப்பில் வைத்துவிடுகிறார்கள். ஒளியைத் தேடி அந்தத் தண்டுகள் இருட்டில் வேகவேகமாக நீளும். மொட்டு வெடிக்கும் சத்தம் காதில் கேட்கும் என்று சொல்வார்கள். அறுவடையும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான். 2010ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இந்த ரூபார்புக்குப் புவிசார்ந்த பெயர்ப் பாதுகாப்பு வழங்கிற்று. ஆப்பிள் தீர்ந்து, வேறு பழம் எதுவும் வராத பிப்ரவரி மாதத்தில், அந்த இளஞ்சிவப்புத் தண்டுகளை நறுக்கிப் போட்டுச் செய்யும் கிரம்பிள், குளிர்காலத்தின் நடுவே வசந்தத்தைக் கொண்டுவந்து வைத்தது போல இருக்கும்.

உடன் ஊற்றிக்கொள்ளக் கஸ்டர்ட் வேண்டும் என்பதில் அங்கே இரண்டு கருத்து இல்லை. முட்டை ஒவ்வாத மனைவிக்காக, 1837இல் பர்மிங்ஹாம் நகரத்து ரசாயன வியாபாரி ஆல்ஃபிரட் பேர்ட், சோள மாவைக் கொண்டு முட்டையில்லாக் கஸ்டர்ட் பொடியைக் கண்டுபிடித்தார். நம் ஊர் மளிகைக் கடையில் கிடைக்கும் மஞ்சள் கஸ்டர்ட் பொடியும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. சைவ உணவுக்காரர்கள் தயக்கமின்றி முழுவதும் சாப்பிடத்தக்க ஆங்கிலப் பட்சணம் இது என்று சொல்ல எனக்கு மிகுந்த சந்தோஷம்.

நம் நாட்டில் செய்வோருக்குச் சில வார்த்தைகள். பிராம்லி இங்கே கிடைக்காது. காஷ்மீரத்து ஆப்பிளும் சிம்லா ஆப்பிளும் இனிப்பு மிகுந்தவை. ஆகையால் அவற்றோடு ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றைச் சேர்த்து, சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, துண்டுகளைச் சிறிதாக நறுக்க வேண்டும். கொடைக்கானலிலும் குன்னூரிலும் விளைகிற பிளம்ஸ் பழம், மலையை விட்டு இறங்குவதற்குள் பாதி கன்றிப்போய், வண்டிக்காரர் வந்த விலைக்குத் தள்ளிவிடும் நாட்கள் உண்டு. புளிப்பும் நிறமும் சாறும் நிறைந்த அந்தப் பழத்தைப்போல் கிரம்பிளுக்குப் பொருத்தமானது ஆப்பிளில்கூட இல்லை. நம் வெயிலில் வெண்ணெய் விரலில் படும் முன்பே இளகும். மாவையும் பாத்திரத்தையும்கூட முன்னதாகக் குளிரவைத்துக்கொண்டால் அந்தச் சங்கடம் தீரும். பட்டைப் பொடி ஒரு சிட்டிகை போதும். ஏலக்காய் போடத் தோன்றும், வேண்டாம். பழத்தின் மணத்தை அது மூடிவிடுகிறது.

பழக்கூடையில் இரண்டு மூன்று பழங்கள் சுருங்கவும் கன்றவும் தொடங்கும் நாளில், அவற்றைக் குப்பையில் போடும் முன் ஒரு முறை இதைச் செய்து பாருங்கள். ஓரத்தில் சாறு கொப்பளிப்பதைக் கண்ணால் கண்ட பிறகே ஓவனிலிருந்து எடுங்கள். கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பரிமாறும்போது மேலாக வழித்து எடுக்காமல், கரண்டியைப் பாத்திரத்தின் அடிவரை இறக்கி, ஒவ்வொருவர் கிண்ணத்திலும் மொறுமொறுப்பும் நடுவில் உள்ள மென்மையும் அடியில் உள்ள பழமும் ஒருசேர விழும்படி எடுத்து வையுங்கள்.